ஆவாரம்பட்டை முதல் ஆம்பூர்க் காலணி வரை

ஜவ்வாது மலையின் வடபுறத்தில் காவலூர் என்றொரு சிற்றூர் உள்ளது. 93 அங்குல விட்டமுடைய பெரிய தொலைநோக்கி அங்கே 1986இல் திறந்து வைக்கப்பட்டதால், வானத்தை ஆராய்வோர் அவ்வூரை நன்கறிவர். விண்ணை நோக்குவோர் நோக்கட்டும். அம்மலைப் பாதையில் சற்றே நின்று நாம் கீழே நோக்குவோம். அங்கே பாலாற்றுச் சமவெளி. அதன் கரையோரம் வாணியம்பாடி, ஆம்பூர்; அப்பால் பேரணாம்பட்டு; ஆற்றின் போக்கிலே கிழக்கே சென்றால் மேல்விசாரம், இராணிப்பேட்டை. தமிழக முஸ்லிம்களின் பொருளியல் வரலாற்றில் பெரியதொரு பகுதி இச்சமவெளியில் நிகழ்ந்தது. அதற்கு அடிப்படையாய் அமைந்தது தோல் தொழில்.

மேலைநாடுகளில் ஆலைகள் மூடப்பட்டன, உற்பத்தி அயல்நாட்டுக்குப் போய்விட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர் என்னும் செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். எவருடைய கவலையோ என்றெண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அங்கிருந்து புறப்பட்ட வேலை எங்கே வந்து இறங்கிற்று என்று நாம் கேட்பதில்லை. அதில் ஒரு பங்கு இந்த மலையடிவாரத்தில் இறங்கியது. அதற்கு முன்னர், இதே அடிவாரத்திலிருந்து வேலை கடல் கடந்து போனதும் உண்டு. போனதையும் வந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான், இனி நேரக்கூடியதை நாம் அறிய முடியும்.

மரப்பட்டையின் காலம்

ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை சீவி, மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் கிடத்திப் பதனிடுவது நம் நாட்டின் பழைய முறை. அதற்கு உயிர்நாடி ஆவாரம்பட்டை. தென்னாட்டு வறண்ட நிலங்களிலும் மலையடிவாரப் பொட்டல்களிலும் தானே முளைத்து மஞ்சள் பூப்பது ஆவாரஞ்செடி. அதன் பட்டையால் பதனிட்ட தோல் மென்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். ஆனால் வெயில் பட்டால் சிவந்துவிடும். அக்குறையைப் போக்க இறுதியில் கடுக்காய்ச் சாற்றில் தோய்ப்பார்கள். கடுக்காய் மலைக்காட்டுப் பொருள். ஜவ்வாது மலைவாழ் மலையாளி மக்கள் காட்டில் பொறுக்கிச் சேர்த்து விற்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. மலையில் மரம், அடிவாரத்தில் செடி, கீழே ஆற்று நீர், சுற்றிலும் கால்நடைச் சந்தைகள் என இத்தனையும் ஓரிடத்தில் கூடியதால் இப்பள்ளத்தாக்கு தோல் தொழிலுக்கு உரிய இடமாயிற்று.

1856இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை, சில ஆண்டுகளில் இப்பள்ளத்தாக்கின் வழியே மேற்கே நீண்டது. பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்கும், அங்கிருந்து கப்பலேறி இலண்டன் சந்தைக்கும் போயிற்று. ‘ஈஸ்ட் இண்டியா’ தோல் என்னும் பெயர் அங்கே தரத்துக்கு அடையாளமாக விளங்கிற்று. வாங்கி விற்றவர்களில் நம் முன்னோர் பலர். குழியில் இறங்கித் தோலைப் புரட்டியவர்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் பெரும்பகுதியினர். நம் சமுதாயத்து ஏழைகளும் அவர்களோடு நின்றனர். இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

முதல் இழப்பு

1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மரப்பட்டை வாரக்கணக்கில் செய்த வேலையைக் குரோமியம் மிகச் சில நாள்களில் முடித்தது. பிலடெல்பியா நகரத்து ஆலைக்காரர் ராபர்ட் போர்டரர் அம்முறையை ஆட்டுத்தோலுக்குப் பொருத்திப் பளபளப்பான மெல்லிய காலணித் தோலைச் செய்து காட்டினார்.

அதன் விளைவு இங்கே உணரப்பட்டது. முன்பு நம்மிடம் பதனிட்ட ஆட்டுத்தோலை வாங்கிய அமெரிக்க வணிகர்கள், இப்போது பச்சைத் தோலைத் தாருங்கள், போதும் என்றனர். தோல் போவது நிற்கவில்லை. தோலின்மேல் செய்யும் வேலை மட்டும் நின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் சென்னை மாகாணத்தில் டேனரிகள் பல மூடப்பட்டன. உற்பத்தி அயல்நாட்டுக்குப் பெயர்வதால் உள்நாட்டுத் தொழிலாளி வேலை இழப்பது இன்றைய புதுமை என்று எண்ணுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். அன்று குழியை விட்டு வெளியேறியவன் இப்பக்கத்து மனிதன். பிலடெல்பியாவில் வேலை பெற்றவன் அப்பக்கத்து மனிதன்.

அந்நிலையில் சென்னையில் பணியாற்றிய ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலப் பொறியியல் ஆசிரியர், குரோம் முறையை இங்கேயே கற்றுத்தர வேண்டும் என்று முனைந்தார். 1903 அளவில் அரசுச் செலவில் சோதனைகள் தொடங்கின. கிணற்றில் கவலை இறைக்கும் தோற்சாலும் செருப்பும் குரோம் தோலில் செய்து பார்க்கப்பட்டன. முயற்சி தழைத்தது. ஆனால் அரசு தொழில் நடத்துவது தனியார் வணிகத்தில் தலையிடுவதாகும் என்னும் எதிர்ப்பு ஐரோப்பிய வணிகர்களிடமிருந்து எழுந்தது. இலண்டனில் இந்தியா அமைச்சராக இருந்த மார்லி பிரபு 1910இல் அக்கொள்கையை நிராகரித்தார். அரசின் குரோம் ஆலை ரீவா மகாராஜாவுக்கு விற்கப்பட்டு மாகாணத்தை விட்டே போயிற்று. 1912இல் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்துக்கு அருகில் நிறுவிய குரோம் தோல் ஆலை நிலைபெற்றது. குரோம்பேட்டை என்னும் ஊர்ப் பெயர் அதன் நினைவுச் சின்னம்.

பாதி வேலையின் நூற்றாண்டு

முதல் உலகப் போரில் படைவீரர்களின் காலணிக்குத் தோல் வேண்டியிருந்தபோது, ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் மாட்டுத்தோலுக்குப் பெருந்தேவை ஏற்பட்டது. போர் முடிந்ததும் 1919இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு வரி விதித்து, உள்நாட்டுப் பதனிடலைக் காக்க அரசு முயன்றது. சில ஆண்டுகளுக்குள் அவ்வரி பெரிதும் குறைக்கப்பட்டது. இவ்வாறு ஏறியும் இறங்கியும் தொழில் நடந்தாலும் ஒன்று மாறவில்லை. நாம் செய்தது பாதி வேலை. பாதி பதனிட்ட தோலைக் கட்டி அனுப்புவோம். சாயம் ஏற்றுவதும், மெருகிடுவதும், காலணியாகத் தைப்பதும் ஐரோப்பாவில் நடக்கும். கூலியில் பெரும்பங்கு அந்த மறுபாதியில் இருந்தது.

இதற்கிடையே சத்தமின்றி மற்றோர் இழப்பு நேர்ந்தது. ஆவாரம்பட்டைக்குப் பதிலாக வாட்டில் என்னும் அயல்மரத்தின் பட்டையும் அதன் சாறும் வந்தன. தென்னாப்பிரிக்க நேட்டால் பகுதியிலிருந்து முதலில் வந்தது; 1946இல் இந்தியா அந்நாட்டோடு வணிகத்தை நிறுத்திய பின்னர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நேட்டால் தோட்டங்களில் உரித்த பட்டை கப்பலேறி வரவர, அடிவாரப் பொட்டலில் ஆவாரை உரித்தவரின் பிழைப்புச் சுருங்கியது. பின்னர் குரோமியம் பரவியபோது கடுக்காய்க்கு இருந்த தேவையும் குறைந்தது. பட்டை உரித்தவரும் கடுக்காய் பொறுக்கியவரும் எந்த ஆலையின் பதிவேட்டிலும் தொழிலாளராக இருந்ததில்லை. ஆதலால் வேலையிழந்தோர் கணக்கிலும் அவர்கள் இடம்பெறவில்லை.

மறுபாதி வந்த கதை

விடுதலைக்குப் பின் 1948இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அறிஞர் நாயுடம்மா அதன் இயக்குநராக இருந்த ஆண்டுகளில், ஆய்வுக்கூடத்துக்கும் டேனரிக்கும் இடையே இருந்த தூரம் குறைந்தது. 1972இல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை அனுப்புவதைக் கட்டுப்படுத்தி முழுமையாக்கிய தோலும் தோற்பொருளும் ஏற்றுமதியாக வழி செய்ய வேண்டும் என்றது. 1973இல் பச்சைத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாதி பதனிட்டதற்கு அளவு வரையறுக்கப்பட்டது. சிறு டேனரிக்காரர்கள் அன்று கலங்கினர். புதிய இயந்திரம் வாங்க இயலாத சிலர் தொழிலை விட்டனர். ஆயினும் அடுத்த இருபது ஆண்டுகளில் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணியின் மேற்பாகம் தைக்கும் கூடங்களும், பின்னர் முழுக் காலணி ஆலைகளும் தோன்றின. அதுவரை வீட்டை விட்டு வேலைக்குச் செல்லாத குடும்பங்களின் பெண்கள் ஆயிரக்கணக்கில் தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்தனர்.

சட்டம் ஒரு காரணம். மற்றொரு காரணம் கடலுக்கு அப்பால் இருந்தது. அங்கே கூலி உயர்ந்தது, கழிவுநீர்ச் சட்டங்கள் கடுமையாயின, ஆலைகள் மூடப்பட்டன. ஜெர்மனியின் காலணித் தலைநகர் என்று பெயர்பெற்ற பிர்மாசென்ஸ் மெலிந்தது. அமெரிக்க மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின், பிராக்டன் நகரங்களின் காலணி ஆலைகள் ஓய்ந்தன. இன்று அமெரிக்கர் அணியும் காலணிகளில் மிகப் பெரும்பாலானவை வெளிநாட்டில் செய்தவையே.

ஸ்ட்ரீட் என்னும் ஊர்

இவற்றுள் ஓர் ஊரைச் சற்றே நெருங்கிப் பார்ப்போம். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஸ்ட்ரீட் என்று ஓர் ஊர். 1825இல் சைரஸ் கிளார்க் அங்கே ஆட்டுத்தோல் தொழிலைத் தொடங்கினார். தம்பி ஜேம்ஸ் அவரோடு சேர்ந்தார். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த, மது அருந்தாத, எளிய வாழ்வை விரும்பிய குடும்பம் அது. தோலில் ஈட்டிய பொருளைக் கொண்டு ஊருக்குப் பள்ளி தந்தனர்; 1885இல் கிறிஸ்பின் மண்டபத்தைக் கட்டினர்; அக்குடும்பத்துப் பெண்ணொருவர் விட்டுச் சென்ற பணத்தால் 1937இல் பெண்களும் குழந்தைகளும் அச்சமின்றி நீந்த ஒரு குளம் எழுந்தது. இதைப் படிக்கும்போது நம் ஊர்ப் பெரியவர்களின் முகங்கள் நினைவுக்கு வரவில்லையா?

கிளார்க்ஸ் காலணி உலகெங்கும் புகழ்பெற்றது. ஆனால் 1980களுக்குப் பின் உற்பத்தி போர்த்துகலுக்கும், பிறகு இந்தியா, வியட்நாம், சீனா ஆகிய நாடுகளுக்கும் பெயர்ந்தது. 21ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிவதற்குள், பிரிட்டனில் இருந்த அந்நிறுவனத்தின் ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. ஸ்ட்ரீட்டின் பழைய ஆலை வளாகத்தில் 1993இல் கடைத்தொகுதி ஒன்று திறக்கப்பட்டது. தந்தையும் பாட்டனும் காலணி செய்த கூடத்தில், வேறெங்கோ செய்த காலணியைப் பேரன் விற்கிறான். பள்ளி நிற்கிறது, மண்டபம் நிற்கிறது, குளமும் நிற்கிறது. தொழில் மட்டும் இல்லை.

அவர்கள் இழந்ததில் நமக்குப் பங்கு கிடைத்தது. அதற்காக நாம் குற்றவாளிகள் அல்லர். வேலையைப் பெயர்த்தவர்கள் கணக்குப் பார்க்கும் முதலாளிகளே. ஆயினும் நம் அடுப்பு எரிந்த அதே ஆண்டில் எங்கோ ஓர் அடுப்பு அணைந்தது என்பதை அறிந்திருப்பது மனிதத்தன்மை.

வேலையோடு வந்த நீர்

வேலை தனியே வரவில்லை. எந்தக் கழிவைத் தம் ஆற்றில் விட மேலைநாடுகள் மறுத்தனவோ, அது பாலாற்றுக்கு வந்தது. குரோமியமும் உப்பும் நிலத்தடியில் இறங்கின. தென்னந்தோப்புகளும் நெல்வயல்களும் கெட்டன. கிணற்று நீர் வாயில் வைக்க இயலாததாயிற்று. வேலூர்க் குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் நடக்கும் இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்று அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசு விளைத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்ற இவ்வழக்கும் உதவியது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாத டேனரிகளை மூடவும் ஆணையிடப்பட்டது. ஆயினும் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்று மாசைப் பற்றி மீண்டும் ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. இடையில் கழிந்தவை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்!

இதை வெளியார் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. நாமே சொல்லிக்கொள்வோம். அந்நீரைக் குடித்தவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு.

சக்கரம் நிற்பதில்லை

வந்த வேலை நிலைத்துவிடும் என்று நம்புவோர் கொரியாவின் பூசான் நகரைப் பார்க்க வேண்டும். 1970களிலும் 1980களிலும் உலகின் விளையாட்டுக் காலணிகளை அந்நகர் குவித்துத் தந்தது. அமெரிக்காவில் தனக்கிருந்த ஆலைகளை 1980களின் நடுவில் மூடிய நைக்கி நிறுவனத்துக்குப் பூசானும் தைவானும் தோள் கொடுத்தன. 1987க்குப் பின் கொரியத் தொழிலாளர் போராடிக் கூலி உயர்வு பெற்றனர். சில ஆண்டுகளுக்குள் கொள்முதல் இந்தோனேசியாவுக்கும் சீனத்துக்கும் வியட்நாமுக்கும் போயிற்று. பூசானின் பெண் தொழிலாளர் வீடு திரும்பினர். தைவானின் கதையும் ஏறத்தாழ இதுவே.

அத்தைவானிலிருந்து புறப்பட்ட காலணி உற்பத்தியின் ஒரு கிளை, 2000களின் பிற்பாதியில் செய்யாறு சிப்காட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் அங்கே பணிபுரிகின்றனர். செய்யாறு என்னும் அவ்வாறு பிறப்பது நம் ஜவ்வாது மலையில். மலையின் ஒருபுறம் ஓடும் பாலாற்றங்கரைக்கு ஐரோப்பாவின் வேலை வந்தது. மலையில் பிறந்த செய்யாற்றின் பெயர் தாங்கிய ஊருக்குக் கிழக்காசியாவின் வேலை வந்தது.

தோலை விட்டு வேறு தொழிலை நோக்கினாலும் நியதி இதுவே. நோக்கியா நிறுவனம் 2008இல் ஜெர்மனியின் போகும் நகரில் இருந்த தன் ஆலையை மூடியது. ஏறத்தாழ 2,300 பேர் வேலையிழந்தனர். அவ்வேலையின் ஒரு பகுதி போன ருமேனிய ஆலையும் 2011இல் மூடப்பட்டது. 2006இல் உற்பத்தி தொடங்கிய திருப்பெரும்புதூர் ஆலை, உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு வேலை தந்தது. வரி வழக்கும் நிறுவனக் கைமாற்றமும் சேர்ந்துகொள்ள, 2014 நவம்பரில் அதுவும் நின்றது. பின்னாளில் வேறொரு நிறுவனம் அவ்வளாகத்தை வாங்கி வேறு பொருள் செய்யத் தொடங்கியது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. இருபத்தைந்து வயதில் வேலையிழந்து ஊர் திரும்பிய பெண்ணுக்கு அவ்வாண்டுகள் திரும்பவில்லை.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஆம்பூரும் அதே கவலையில் ஆழ்ந்தது. வரி ஏறும், இறங்கும். ஆனால் எங்கோ ஒரு மேசையில் இடப்படும் கையொப்பம் நம் தெருவின் அடுப்பை எட்டும் என்பது மாறாது.

எது நிற்கும்?

ஆகவே தொழில் எங்கும் விருந்தாளியே. விருந்தாளி எத்தனை நாள் தங்குவார் என்பது நம் கையில் இல்லை. தங்கிய நாளில் என்ன தேடிவைத்தோம் என்பதே நம்மைச் சேர்ந்தது.

நம் முன்னோரிற் சிலர் இதை நன்குணர்ந்திருந்தனர். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது. 1951இல் சென்னைப் புதுக்கல்லூரியும், 1969இல் ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரியும் தோன்றின. தோல் வணிகத்தில் ஈட்டியதை வாரி வழங்கிய மேல்விசாரம் வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயரால் 1965இல் அவ்வூரில் கல்லூரி தொடங்கப்பட்டது. தோல் தந்த செல்வத்தைத் தோலுக்கு அப்பால் செல்லும் வழியாக மாற்றியவர்கள் அவர்கள். டேனரி மூடினாலும் அக்கல்லூரியில் பயின்றவன் வேறிடம் சென்று பிழைக்க முடியும். ஸ்ட்ரீட்டில் பள்ளி நிற்பதுபோல் இங்கும் கல்லூரிகள் நிற்கின்றன.

ஆனால் அக்கல்லூரியின் படிகளில் ஏறியவர் யாவர்? தோலை விற்றவரின் மகன் ஏறினான். குழியில் இறங்கியவரின் மகன் எத்தனை பேர்? காலணி தைத்துக் கண் மங்கிய பெண்ணின் மகள் எத்தனை பேர்? மலையில் கடுக்காய் பொறுக்கியவரின் பேரன் எத்தனை பேர்? தொழில் போகும்போது முதலாளியிடம் நிலமும் கட்டடமும் எஞ்சும்; தொழிலாளியிடம் அவன் கற்றது மட்டுமே எஞ்சும். கற்பிக்கப்படாதவனிடம் ஒன்றும் எஞ்சாது.

ஒன்றும் எஞ்சாதவர் நிலை என்னவென்பதை இம்மலையே காட்டியது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் மாண்டனர். செம்மரம் வெட்டும் கூலிக்குச் சென்றவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுள் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். ஒரு காலத்தில் நம் தோலுக்குக் கடுக்காய் தந்த மலை அது. அதன் மக்கள் கூலி தேடிச் சட்டம் விலக்கிய காட்டுக்குள் நுழைய நேர்ந்ததில், கீழே செழித்த ஊர்களுக்குப் பங்கே இல்லை என்று நாம் எப்படிச் சொல்ல இயலும்?

வேலை நம்மிடம் வந்தது ஓர் அமானத்தாக. ஸ்ட்ரீட்டும் பிர்மாசென்ஸும் பூசானும் விரும்பித் தந்தவை அல்ல. ஆயினும் நம் கையில் வந்து சேர்ந்தது. அது அடுத்த கைக்குப் போகும் நாளும் வரும். அந்நாளுக்கு முன் பாலாற்றின் நீர் தெளிய வேண்டும். தொழிலாளியின் பிள்ளைக்கு முதலாளியின் பிள்ளை பயிலும் வகுப்பில் இடம் வேண்டும். மலையிலிருந்து இறங்கி வரும் மாணவனுக்கும் அங்கே ஒரு பலகை வேண்டும். ஊர்தோறும் கல்வி அறக்கட்டளைகள் நடத்தும் நம் பெருமக்கள் இவ்வாண்டின் உதவித்தொகைப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். அதில் குழியில் இறங்கியவரின் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று தேடட்டும். இல்லையெனில், எழுத வேண்டிய இடம் அதுவே.